16 மீட்டர் இரும்புப் படகு: வரைபடம் வாங்கிக் கட்டுவதா, மேஸ்திரி கைக்கணக்கே போதுமா?

உப்பனாறு (கடலூர் முதுநகர்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மரப்படகு ஓடியது போதும் என்று ஆகிவிட்டது. பலகை மாற்றி, பலகை இடுக்குகளில் கலப்பத்து அடித்து, இனி அதில் காசு கொட்டுவது வீண் என்று அண்ணனும் நானும் பேசி முடித்துவிட்டோம். அடுத்தது இரும்பில், 16 மீட்டர் நீளத்தில் ஓர் இழுவலைப் படகு. ஆற்றங்கரையில் நல்ல கைராசி உள்ள மேஸ்திரி இருக்கிறார். பக்கத்துத் தெருக்காரரின் 14 மீட்டர் போட்டைக் காட்டி, "அதையே ரெண்டு மீட்டர் நீட்டிக் கட்டித் தர்றேன்" என்கிறார்.

புதுச்சேரியில் கப்பல் வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் போய்க் கேட்டேன். விலை சொல்வதற்கு முன்னால் அவர்கள் என்னைக் கேட்டார்கள். எத்தனை நாள் கடலில் தங்குவீர்கள், ஐஸ் எத்தனை டன், டீசல் எவ்வளவு, வலை நனைந்தால் என்ன எடை, அதை எங்கே வைப்பீர்கள், முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றும் வத்தத்தின்போது எத்தனை பாகம் ஆழம். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டில் வந்து சொன்னால் அப்பா, "காகிதத்துக்கா காசு கொடுப்ப? அந்தக் காசுக்கு ரெண்டு மடி வலை வாங்கலாம்" என்கிறார்.

கட்டினவர்கள், ஓட்டுகிறவர்கள், இந்தத் துறையில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள். அந்த வரைபடத்தில் அப்படி என்ன இருக்கிறது? அது இல்லாமல் கட்டினால் என்ன கெட்டுப் போகும்?

வாடைக்காற்று (தேங்காய்த்திட்டு)

தம்பி, நான் படகு டிரைவர். பெரியவர்கள் யாரும் பேப்பர் பார்த்துப் படகு கட்டவில்லை. ஓடுகிற படகைப் பார்த்து அதே மாதிரி கட்டினால் அதுவும் ஓடும். தானே புயல் அடித்த வருஷம் கரையில் கட்டியிருந்த படகெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அதற்கு எந்த வரைபடமும் உதவியிருக்காது.

என் படகும் கைக்கணக்கில் கட்டினதுதான். 5 மீட்டர் அகலம். அலையில் தொட்டில் மாதிரி மெதுவாக ஆடும், உதறவே உதறாது. ஆள்கள் நின்றபடி மீன் பிரிப்பார்கள். சில படகு வெடுக் வெடுக்கென்று உதறும், அதில் வேலை செய்ய யாரும் வர மாட்டார்கள். நல்ல மேஸ்திரி கிடைத்தால் அவரை நம்பிக் கட்டு.

நீர்க்கோடு (புதுச்சேரி)

நான் கப்பல் வடிவமைப்பில் வேலை பார்ப்பவள். உப்பனாறு, உங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள்தான் வடிவமைப்பின் முதல் பாதி. அவற்றைக் கேட்காமல் யாராவது உடனே வரைந்து கொடுத்தால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

முதலில், என்ன கிடைக்கும் என்று சொல்லிவிடுகிறேன். உடலின் வளைவுகளைக் காட்டும் கோட்டு வரைபடம். கேபின், இன்ஜின் அறை, மீன் கிடங்கு, டாங்கிகள் எங்கெங்கே என்ற பொது அமைப்பு. எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் தகடு, எவ்வளவு இடைவெளியில் சட்டம் என்ற கட்டமைப்பு வரைபடம். எடைக் கணக்கு. நிலைத்தன்மைக் கணக்கு. கேட்டால் தகடு வெட்டும் கோப்பும் தருவார்கள். அதை வைத்து மெஷினில் வெட்டினால் துண்டுகள் அப்படியே பொருந்தும், தகடு வீணாவதும் குறையும். அப்பா "காகிதத்துக்கா" என்று கேட்ட காசில் கொஞ்சம் அங்கேயே திரும்பி வந்துவிடும்.

இந்தக் கட்டில் எதை விட்டாலும் நிலைத்தன்மைக் கணக்கை விடாதீர்கள். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"14 மீட்டரை 16 ஆக நீட்டுவது" என்பது கேட்க எளிது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அதே விகிதத்தில் பெருக்கினால் எடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடும். நீளத்தை மட்டும் கூட்டினால் படகு சாயாமல் நிற்கும் பலம் நீளத்தோடு சேர்ந்து பெரிதாக வளர்வதில்லை. அந்தப் பலம் அகலத்தில் இருக்கிறது. தண்ணீர் மட்டத்தில் படகின் அகலம் 5 மீட்டரிலிருந்து 6 ஆனால், அந்தப் பரப்பு தரும் எதிர்ப்பு அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தில், அதாவது 1.7 மடங்குக்கு மேல் கூடுகிறது. நீளத்தை இரண்டு மீட்டர் கூட்டி, அகலத்தை அப்படியே விட்டு, பெரிய இன்ஜினும் வலை இழுக்கும் பெரிய வின்ச்சும் உயரமான கேபினும் வைத்தால், பக்கத்துத் தெருப் படகின் நல்ல பெயர் உங்கள் படகுக்கு வராது. அது வேறு படகு.

இதில் மூன்று புள்ளிகளைத் தெரிந்துகொண்டால் போதும். படகின் மொத்த எடையும் கூடி நிற்கும் புள்ளி ஜி. தண்ணீர் மேலே தள்ளும் விசை கூடி நிற்கும் புள்ளி பி. படகு சாயும்போது பி பக்கவாட்டில் நகரும். அங்கிருந்து நேர் மேலே ஒரு கோடு போட்டால் அது படகின் நடுக்கோட்டை வெட்டும் இடம் எம். ஜி-க்கு மேலே எம் இருக்கும்வரை படகு நிமிரும். இரண்டுக்கும் இடையிலான உயரத்தைத்தான் நாங்கள் ஜி.எம். என்போம். எம் எங்கே என்பதை உடலின் வடிவமும் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பதும் முடிவு செய்கின்றன. ஜி எங்கே என்பது நீங்கள் எதை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

24 மீட்டருக்கு மேற்பட்ட மீன்பிடிக் கப்பல்களுக்கான டொரமொலினோஸ் நெறிமுறை, ஒற்றைத் தளக் கலத்துக்கு இந்த ஜி.எம். 0.35 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. நம் படகுகள் அந்த அளவுக்குள் வருவதில்லை. ஆனாலும் கையில் வைத்துக்கொள்ள அது நல்ல அளவுகோல். 12 முதல் 24 மீட்டர் வரையான படகுகளுக்கு ஐ.நா.வின் உணவு-வேளாண், தொழிலாளர், கடல்சார் அமைப்புகளான எஃப்.ஏ.ஓ., ஐ.எல்.ஓ., ஐ.எம்.ஓ. மூன்றும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் இருக்கிறது.

வாடைக்காற்று அண்ணா, புயல் பற்றிச் சொன்னது சரி, கரையில் கட்டிய படகை வரைபடம் காப்பாற்றாது. ஆனால் "மெதுவாக ஆடும், உதறாது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் கவலையாகிவிட்டது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

ஓடாவிவீடு (கடலூர்)

எங்கள் தாத்தா மரப்படகு கட்டும் ஓடாவி, அப்பாவும் ஓடாவி. நான் வெல்டிங்கும் கற்றுக்கொண்டு இரும்புப் படகு வேலைக்கு வந்தவன். ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். ஓடாவி கண்ணை மூடிக்கொண்டு கட்டுவதில்லை.

படகின் அடிநீள மரமான ஏராக்கட்டை போட்டதும் அப்பா முதலில் விலா எலும்பு மாதிரி நிற்கும் நடு வங்கு இரண்டை நிறுத்துவார். அப்புறம் முன்பக்கமான அணியத்திலிருந்து பின்பக்கம் வரை மெல்லிய ரீப்பர் சட்டத்தை வளைத்துக் கட்டுவார். அந்த ரீப்பர் எங்கேயாவது முறுக்கினால், அங்கே வங்கு தப்பு என்று அர்த்தம். கையால் தடவியே சொல்லிவிடுவார். இந்த அக்கா கம்ப்யூட்டரில் கோட்டை வழுவழுப்பாக்குவதும் இதே வேலைதான் என்று நினைக்கிறேன். படகை இறக்கின அன்றே எங்கே தண்ணீர் மட்டம் நிற்கும் என்று முன்னாலேயே கோடு கிழித்து வைப்பார், பெரும்பாலும் விரற்கடை வித்தியாசத்தில் நிற்கும்.

கெடுதல் அதற்கு அப்புறம் வருகிறது. படகை ஒப்படைத்துவிட்டால் முதலாளி தன் இஷ்டத்துக்கு மாற்றுகிறார். ஒருவர் எங்களிடம் படகு வாங்கிப் போய், வேறு ஆளை வைத்து மேலே இன்னொரு கேபின் எழுப்பி, அதன் கூரையில் வலையையும் அடுக்கிவிட்டார். வாடைக் காலத்தில் முகத்துவாரத்தில் உள்ளே வரும்போது பின்னாலிருந்து வந்த அலையில் சாய்ந்து, சாய்ந்தபடியே நின்றுவிட்டது. ஆள்கள் நீந்தி வந்தார்கள், அந்தப் புண்ணியம் போதும். ஊர் முழுக்க "ஓடாவி கட்டினது சரியில்லை" என்று பேச்சு. அப்பா அதற்கப்புறம் ரொம்ப நாள் பட்டறைப் பக்கமே போகவில்லை.

அப்போது ஒரு வரைபடமும், "இதற்கு மேல் எடை ஏற்றாதே" என்று எழுதின ஒரு தாளும் கையில் இருந்திருந்தால் அப்பா பேசியிருப்பார். அதனால் வரைபடம் வாங்கு என்றுதான் நானும் சொல்வேன். ஓடாவியையும் மேஸ்திரியையும் தள்ளிவிட்டு வாங்காதே. அவர்களையும் உட்கார வைத்துப் பேசு.

நீர்க்கோடு

ஓடாவிவீடு, நீங்கள் எழுதியதை எங்கள் அலுவலகத்தில் படித்துக் காட்டினேன். ரீப்பர் விஷயம் நூறு சதவீதம் உண்மை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் வடிவமைப்பாளர்கள் பெரிய தளத்தில் மெல்லிய மரச்சட்டத்தை வளைத்து, ஈயக்கட்டி வைத்து அழுத்தித்தான் கோடு வரைந்தார்கள்.

நீங்கள் சொன்ன அந்தப் படகுக்கு என்ன ஆகியிருக்கும் என்று எண்களில் சொல்லிப் பார்க்கிறேன். மொத்தம் 60 டன் எடையுள்ள ஒரு படகு என்று வைத்துக்கொள்வோம். 3 டன் நனைந்த வலை கிடங்கு மட்டத்தில் இருக்க வேண்டியது. அதைத் தூக்கி 3.5 மீட்டர் மேலே, கேபின் கூரையில் வைக்கிறீர்கள். 3-ஐ 3.5-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 0.175. அதாவது ஜி பதினேழரை செ.மீ. மேலே ஏறிவிட்டது. ஜி.எம். முதலில் 0.50 மீட்டர் இருந்திருந்தால் இப்போது 0.33 கூட இல்லை. ஒரு ஆணியைக்கூடப் புதிதாக ஏற்றவில்லை, இடம்தான் மாறியது.

மேல் கேபின் தனிக்கதை. 4 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 31 கிலோ. 30 சதுர மீட்டர் தகடு என்றால் 900 கிலோவைத் தாண்டும், சட்டங்கள் தனி. ஏறக்குறைய ஒரு டன் எடை, படகிலேயே உயரமான இடத்தில். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்து 2016-இல் வெளிவந்த 'சாகர் ஹரிதா' என்ற 19.75 மீட்டர் கலத்தில், உடல் இரும்பு, கேபின் ஃபைபர். மேலே எடையைக் குறைத்தால் நிலைத்தன்மையும் கூடும், டீசலும் மிஞ்சும். உப்பனாறு, உங்கள் மேஸ்திரியிடம் இதை முதல் நாளே பேசுங்கள்.

அப்புறம் கிடங்குத் தண்ணீர். ஐஸ் உருகி, பம்ப் சரியாக இழுக்காமல் தேங்கி நிற்கும். 4 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலக் கிடங்கில் நடுவே தடுப்பு இல்லாமல் தண்ணீர் முழு அகலத்துக்கும் பரவினால், படகு சாயும் பக்கத்துக்கு அதுவும் ஓடும். அதே 60 டன் படகில் இதனால் குறையும் ஜி.எம். 35 செ.மீ. இருந்த பலத்தில் பெரும்பங்கு போய்விடும், தண்ணீர் சாண் உயரம்கூட வேண்டாம். நடுவில் நீளவாட்டில் ஒரே ஒரு தடுப்புச்சுவர் வைத்தால் அந்த இழப்பு கால் பங்காகி, 9 செ.மீ.க்கு வந்துவிடும். தளத்தில் அலைத் தண்ணீர் வடியும் துவாரங்களை, மீன் ஓடிவிடக் கூடாது என்று சாக்கு வைத்து அடைக்கிறார்களே, அங்கேயும் இதே ஆபத்து இதைவிடப் பெரிதாக இருக்கிறது. தளம்தான் படகின் முழு அகலம்.

முகத்துவாரத்தில் பின்னாலிருந்து அலை வந்தபோது நடந்தது என்றும் சொன்னீர்கள். அலையின் முகடு படகின் நடுவில் வந்து நிற்கும்போது முன்னும் பின்னும் தண்ணீர் இறங்கிவிடும். அந்த நேரத்தில் தண்ணீர் மட்டத்துப் பரப்பு சுருங்கி, நிமிரும் பலமும் குறையும். அலையின் வேகமும் படகின் வேகமும் ஒத்துப் போனால் அந்த நிலையிலேயே வெகுநேரம் நிற்கும். சுக்கானும் கேட்காது, படகு குறுக்கே திரும்பிவிடும். அமைதித் தண்ணீரில் ஜி.எம். தாராளமாக இருந்தால் அதில் தப்பலாம், விளிம்பில் இருக்கும் படகு தப்பாது.

வாடைக்காற்று அண்ணா, இனி உங்கள் படகு. மெதுவாக ஆடும் படகு வேலைக்குச் சுகம், அதில் சந்தேகமில்லை. ஆனால் மெதுவாக ஆடுவதற்குக் காரணம் அதை நிமிர்த்தும் விசை குறைவாக இருப்பது. ஐ.எம்.ஓ. நிலைத்தன்மை விதித்தொகுப்பில் சின்னக் கலங்களுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. படகின் அகலத்தை மீட்டரில் எடுத்து 0.8-ஆல் பெருக்குங்கள். அது ஆழ்கடல் மீன்பிடிப் படகுக்கான எண். அதை ஒரு முழு ஆட்டத்துக்கு ஆகும் விநாடியால் வகுங்கள். வந்த எண்ணை அதனாலேயே பெருக்கினால் ஜி.எம். மீட்டரில் கிடைக்கும். 5 மீட்டர் அகலப் படகு 5 விநாடியில் ஆடினால் 0.64. 6 விநாடி என்றால் 0.44. 7 விநாடி என்றால் 0.33.

ஆற்றில் அலை இல்லாத நேரத்தில் செய்யுங்கள். கயிறுகள் தளர்வாக இருக்கட்டும், வேறு படகோ துறைச் சுவரோ இடிக்கக் கூடாது, அடி தரையில் படக் கூடாது. ஆள்களைச் சேர்த்து ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் நடக்கவிட்டு ஆட்டிவிட்டு, நடுவில் நிற்கச் சொல்லுங்கள். இடக்கோடி, வலக்கோடி, மறுபடி இடக்கோடி வந்தால் ஓர் ஆட்டம். சில ஆட்டங்களைச் சேர்த்து நேரம் எடுத்து வகுத்துக்கொள்ளுங்கள். இது துல்லியமான அளவு கிடையாது, எச்சரிக்கை தரும் அளவு.

இப்படி ஆளை ஓடவிட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். ஸ்வீடன் நாட்டு வாசா என்ற போர்க்கப்பலில் 30 பேரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் கவிழ்ந்துவிடும் போல் ஆடியதால் சோதனையை நிறுத்திவிட்டார்கள். ஆனால் கப்பலை நிறுத்தவில்லை. 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்தில், துறையை விட்டு ஒன்றரை கிலோமீட்டர்கூடப் போகாமல் மூழ்கியது. மேலே கனமான பீரங்கித் தளங்கள், கீழே போதாத அகலம். சோதனை உண்மையைச் சொன்னது, கேட்க ஆளில்லை.

சுக்கான் (வீராம்பட்டினம்)

நான் மெரைன் இன்ஜின் வேலை பார்ப்பவன். நிலைத்தன்மை பற்றி மேடம் சொல்லிவிட்டார், நான் இன்ஜின் பக்கம் சொல்கிறேன்.

உப்பனாறு தம்பி, எல்லாரும் செய்வது முதலில் இன்ஜினை வாங்கிவிட்டு அப்புறம் படகு கட்டுவது. தலைகீழ். தமிழ்நாட்டு விதிகளில் 240 எச்.பி. வரம்பு இருக்கிறது, அதை முதலில் மனதில் வை. அதற்குள்ளேயே கேட்டாலும், எச்.பி. கூட்டினால் வேகம் கூடும் என்பது ஓரளவுக்குத்தான். தண்ணீரில் 15 மீட்டர் நீளம் நிற்கிற படகு மணிக்கு 9.4 கடல் மைலை நெருங்கும்போது தான் எழுப்பின அலையைத் தானே ஏற ஆரம்பிக்கும். அதற்கு மேல் கொடுக்கிற டீசல் அலை எழுப்பத்தான் போகும். 9 மைல் வேகத்தை 8 ஆகக் குறைத்தால் தேவைப்படும் சக்தி சுமார் 30 விழுக்காடு குறையும். நேரம் கொஞ்சம் கூடும், இருந்தாலும் அதே தூரத்துக்கு டீசலில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். மீன் விலைக்கு முந்திக்கொண்டு ஓடி வருகிறவர்கள் இதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இழுவலைக்கு வேண்டியது வேகம் இல்லை, இழுவை. பெரிய புரொப்பல்லர், மெதுவான சுற்று, அதுதான் இழுக்கும். சின்ன புரொப்பல்லரை வேகமாகச் சுற்றினால் தண்ணீரைக் கலக்கும். இங்கேதான் நம் ஊர்ப் பிரச்சினை வருகிறது. தேங்காய்த்திட்டிலும் சரி, கடலூரிலும் சரி, முகத்துவாரம் மணல் தூர்ந்துகொண்டே இருக்கிறது. தூர் வாரினால் கொஞ்ச நாள் தாங்கும், மறுபடி மூடும். வத்தத்தில் தரை தட்டாமல் உள்ளே வர வேண்டும் என்றால் படகு ஆழமாக அமிழக் கூடாது. அமிழாவிட்டால் பெரிய புரொப்பல்லருக்கு இடம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் வழி கண்டுபிடிப்பது கைக்கணக்கில் நடக்காது. பின்பக்க அடியைக் குடைவாக்கி இடம் எடுக்கலாம், புரொப்பல்லரைச் சுற்றி வளையம் வைக்கலாம். வளையம் நன்றாக அமைந்தால் மடி இழுக்கும் வேகத்தில் கால் பங்கு வரைக்கும்கூட கூடுதல் இழுவை கிடைக்கும். ஆனால் நெத்திலிச் சந்து மாதிரி இடைவெளி சின்னது, உள்ளே கயிறு சிக்கினால் பெரிய பாடு. உடலோடு சேர்த்து வரைந்தால்தான் சரிவரும், பிற்பாடு ஒட்டவைக்கும் சாமான் இல்லை அது.

இன்னொன்று. இரும்பு உடல், வெண்கல புரொப்பல்லர், எவர்சில்வர் ஷாஃப்ட். மூன்றும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் இரும்புதான் அரிக்கும். துத்தநாகக் கட்டிகள் எத்தனை, எங்கே என்று வரைபடத்திலேயே கேட்டு வாங்கு. அந்தக் கட்டி மேல் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள், அடித்தால் அது வேலை செய்யாது.

உப்பனாறு

சுக்கான் அண்ணே, நீங்கள் எழுதினதை அப்பாவிடம் வாசித்தேன். டீசல் கணக்கை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். அவருக்கு இன்னொரு கேள்வி. சுனாமிக்கு அப்புறம் கொடுத்த ஃபைபர் படகுகளும் யாரோ வடிவமைத்துக் கம்பெனியில் கட்டியவைதானே, அதில் பல ஏன் சீக்கிரமே பிளந்தன என்று கேட்கிறார்.

நீர்க்கோடு

அப்பாவின் கேள்வி நியாயமானது. 2004-க்குப் பிறகு ஒரே நேரத்தில் ஏராளமான படகுகள் தேவைப்பட்டன. அவசரத்தில் புதிதாக முளைத்த பட்டறைகள் பல. கண்ணாடி இழைப் பாயை எத்தனை அடுக்கு போட வேண்டும், பிசின் எவ்வளவு ஊற வேண்டும், எவ்வளவு நேரம் காய வேண்டும் என்ற ஒழுங்கு பல இடங்களில் இல்லை. வடிவம் சரியாக இருந்தும் கட்டுமானத்தைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். அதனால் வரைபடத்தோடு முடித்துவிடாதீர்கள். தகடு வந்ததும் தடிமன் அளப்பது, வெல்டிங் முடிந்ததும் பார்ப்பது, கடைசியில் படகைச் சாய்த்து ஜி.எம். அளக்கும் சாய்வுச் சோதனை. இந்த மூன்றுக்கும் வடிவமைப்பாளர் நேரில் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நம் கடற்கரைக்கு ஏற்ற படகை இங்கேயே இருந்து, கட்டிப் பார்த்து, மீனவர்களிடம் ஓட்டக் கொடுத்துத் திருத்திய நல்ல வேலையும் நடந்திருக்கிறது. சென்னையைத் தளமாகக் கொண்ட வங்காள விரிகுடாத் திட்டம் 1980-களில் கரையில் ஏற்றி இறக்கும் படகுகளை அப்படித்தான் உருவாக்கியது.

பாகூர்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். இந்த வேலைக்கு எங்கே படிக்க வேண்டும் அக்கா?

நீர்க்கோடு

தம்பி, கரக்பூர் ஐ.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி., கொச்சிப் பல்கலைக்கழகத்தின் கப்பல் தொழில்நுட்பத் துறை, இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் விசாகப்பட்டின வளாகம். ஐ.ஐ.டி.க்கு ஜே.இ.இ., மற்ற இரண்டுக்கும் அவரவர் நுழைவுத் தேர்வு. இயற்பியலை மனப்பாடம் பண்ணாமல் படி. டிப்ளமோ முடித்து வரைவாளராகச் சேர்ந்து மேலே வந்தவர்களும் எங்களிடம் இருக்கிறார்கள். பெரும்பாலான நாள் வெளிநாட்டுக் கட்டுதளங்களுக்குத் தகடு வரைபடம்தான் வேலை. உள்ளூர்ப் படகு வந்தால் எல்லாரும் ஆசையாக எட்டிப் பார்ப்போம், ஆனால் அது எப்போதாவதுதான் வருகிறது. அது மாற வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

வாடைக்காற்று

செய்து பார்த்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர் ஏறும் ஏத்தம் நின்ற நேரம், ஆற்றில் காற்றே இல்லை. அக்கா சொன்ன மாதிரி கயிற்றைத் தளர்த்தி, பையன்களை நடக்கவிட்டு ஆட்டினோம். மகன் போனில் நேரம் பார்த்தான். மூன்று முறை எடுத்தோம். மூன்று முறையும் 7 விநாடியை ஒட்டியே வந்தது, ஒரு முறை கொஞ்சம் மேலே.

கேபின் கூரையில் வலை, மேலே பழைய டிரம், உதிரி நங்கூரம் எல்லாம் எப்போதும் போல இருந்தன. அவற்றைக் கீழே இறக்கிவிட்டு மறுபடி எடுத்தோம். 6-க்குக் கொஞ்சம் மேலே. மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். இத்தனை வருஷமாகச் சுகமாக ஆடுகிறது என்று நான் சொல்லிக்கொண்டிருந்த ஆட்டம் இதுதான். மேடம், அடியில் கல் அடுக்கினால் சரியாகுமா?

நீர்க்கோடு

அண்ணா, வலையைக் கீழே இறக்கியதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. அதை அங்கேயே வைத்திருங்கள். டிரம்மும் நங்கூரமும் மறுபடி மேலே போக வேண்டாம்.

கல்லை இப்போது அடுக்காதீர்கள். அடியில் எடை வைத்தால் ஜி இறங்கும், உண்மைதான். கூடவே படகும் அமிழும். தளம் தண்ணீருக்கு எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அதுவும் நிலைத்தன்மையில் பெரிய பங்கு. தள விளிம்பு சீக்கிரம் தண்ணீரில் அமிழ்ந்தால், சாயச் சாய நிமிரும் பலம் கூடாமல் குறைய ஆரம்பித்துவிடும். ஜி.எம். என்பது சிறு சாய்வுக்கான அளவுதான். 30 பாகை சாய்ந்தாலும் நிமிர்த்தும் நெம்புகோல் 20 செ.மீ.யாவது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முகத்துவாரத்தில் வேறு தரை தட்டும். கட்டாத கல் புயலில் ஒரு பக்கம் உருண்டால் அதோடு முடிந்தது.

முறையாகச் சாய்வுச் சோதனை செய்துவிடுவோம். தெரிந்த எடையை, தெரிந்த தூரம், தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்த வேண்டும். கிடங்கின் நடுவே நீளமான நூலில் தூக்குக்குண்டு தொங்கும், ஆடாமல் இருக்க குண்டு ஒரு வாளி எண்ணெய்க்குள் இருக்கும். 60 டன் படகில் அரை டன்னை 4 மீட்டர் நகர்த்தும்போது 2 மீட்டர் நூல் 11 செ.மீ. விலகினால் ஜி.எம். 0.60. டாங்கிகள் ஒன்று நிரம்பியிருக்க வேண்டும், இல்லை காலியாக இருக்க வேண்டும், அரைகுறை கூடாது. படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைத்துவிட வேண்டும். இதற்கு ஒரு நாள் காலை போதும். கிடைக்கும் அளவை வைத்து எவ்வளவு எடை, எங்கே, எப்படிக் கட்டுவது என்று எழுதித் தருகிறேன். அதுவரை பின்னாலிருந்து அலை வரும் நேரத்தில் முகத்துவாரம் நுழையும்போது வேகத்தைக் குறைத்து, கதவுகளைச் சாத்தி, தளத் துவாரங்களைத் திறந்து வைத்து வாருங்கள்.

உப்பனாறு

அப்பா ஒத்துக்கொண்டார். வாடைக்காற்று அண்ணன் 7 விநாடி என்று எழுதினதைப் படித்தவர் வேறு எதுவும் கேட்கவில்லை, "மேஸ்திரியையும் கூட்டிக்கிட்டுப் போ" என்றார். போன வாரம் மூவரும் அலுவலகத்தில் உட்கார்ந்தோம். மேஸ்திரி அடித்தளச் சட்டங்களின் இடைவெளியில், வெல்டிங் கை நுழையாத ஓர் இடத்தைக் காட்டினார், உடனே மாற்றினார்கள். அகலம் 5.6 மீட்டர் என்று வந்திருக்கிறது. கேபின் ஃபைபர். கிடங்கில் நடுத்தடுப்பு உண்டு. வலைக்குப் பின்தளத்தில் தாழ்வாக ஓர் இடம். மேல் கேபின் கிடையாது. ஆள்கள் படுக்க இடம் குறைகிறது என்று அண்ணனுக்கு மட்டும் மனக்குறை, அணியத்தில் தளத்துக்குக் கீழே இரண்டு படுக்கை போட முடியுமா என்று பார்க்கிறார்கள்.

ஏப்ரல் 15-க்குத் தடைக்காலம் ஆரம்பிக்கிறது, ஜூன் 14 வரை எல்லா விசைப்படகும் கரையில்தான். வாடைக்காற்று அண்ணன் படகுச் சோதனையை அந்த நாள்களில் வைத்துக்கொள்ளலாமா? கடலூர்க்காரர்கள் நாங்களும் வந்து பார்க்க ஆசைப்படுகிறோம். எடைக்கு என்ன வைப்பது?

ஓடாவிவீடு

எங்கள் பட்டறையில் கான்கிரீட் கட்டிகள் கிடக்கின்றன, மினி லாரியில் ஏற்றி அனுப்புகிறேன். வழியில் எடை மேடையில் ஒவ்வொன்றாக நிறுத்து, எடையை அதன் மேலேயே பெயின்டில் எழுதிவிடுங்கள், மொத்தமாக நிறுத்தால் நகர்த்தும்போது குழப்பம் வரும். அப்பாவும் வருகிறேன் என்கிறார். தூக்குக்குண்டு அவருடையதையே எடுத்து வருவாராம்.